வந்தவாசியில் நடந்தது 'பேட்டிலா', 'வாரா'?

வந்தவாசி என்ற பெயரைக் கேட்டவுடன் நேயர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரக்கூடும். ஒன்று, கோரைப் பாய். மற்றொன்று, பள்ளிக்கூடத்துச் சரித்திரப் பாடம். 1760-ம் வருஷம் ஜனவரி மாதம் 22-ந் தேதி, இந்த ஊர்க் கோட்டைக்கு வெளியே, ஸர் அயர் கூட் தலைமையில் வந்த ஆங்கிலப் படை, கவுண்ட் லாலி தலைமையில் நின்ற பிரெஞ்சுப் படையை முறியடித்தது. இதைப் பரீட்சைக்காக உருப்போடாமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். அன்று காற்று வேறு பக்கம் வீசியிருந்தால், இன்று இந்த ஊரில் நாம் சொல்லிக் கொடுக்கும் அந்நிய பாஷை பிரெஞ்சாகவே இருந்திருக்கலாம். அப்படி நேராதபடியால், நாம் இங்கே இருபது வருஷங்களாக ஆங்கில உபாத்தியாயராகக் காலம் தள்ளி வருகிறோம்.

அண்மையில் நடந்த ஒரு வகுப்புத் தேர்வில், ஐந்து தமிழ் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதும்படி கொடுத்திருந்தோம். 'வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர் தோற்றனர்' என்பது அவற்றுள் ஒன்று. 'கர்நாடகப் போர்கள் மூன்று' என்பது அதற்கு அடுத்த வாக்கியம். பாய் நெய்யும் குடும்பத்துப் பெண் ஒருத்தி, இரண்டு இடத்திலும் 'வார்' என்ற சொல்லையே போட்டு எழுதியிருந்தாள். முதல் வாக்கியத்தில் இருந்த 'வார் ஆஃப் வாண்டிவாஷ்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'பேட்டில்' என்று எழுதி, அரை மார்க் குறைத்தோம். அவள் விடைத்தாளை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தாள்.

"ஸார், இங்கேயும் 'போர்' என்றுதான் இருக்கிறது, அடுத்த வாக்கியத்திலும் 'போர்' என்றுதான் இருக்கிறது. அங்கே 'வார்' சரி என்றால், இங்கே மட்டும் எப்படித் தப்பாகும்?"

"ஆங்கிலத்தில் வழக்கு அப்படி, அம்மா" என்றோம்.

அவள் போகவில்லை. சற்று நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நம்ம ஊர்ச் சண்டை சின்னது என்பதாலா, ஸார்?" என்று கேட்டாள்.

இதற்கு நம்மிடம் உடனே பதில் இல்லை. 'வழக்கு அப்படி' என்பது, பதில் தெரியாத உபாத்தியாயர்கள் நெடுங்காலமாகப் பதுங்கி வந்திருக்கும் புதர். அன்று மாலை அந்தப் புதரிலிருந்து வெளியே வந்து, இவ்விரண்டு சொற்களையும் உட்கார்ந்து ஆராய்ந்தோம். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே நேயர்களுக்கும் சொல்கிறோம். முதலில் ஓர் எச்சரிக்கை: 'பேட்டில்' என்பதை வாயைச் சற்று அகட்டி 'பாட்டில்' என்று சொல்லிவிட்டால் அது சீசாவாகிவிடும். வந்தவாசியில் ஆங்கிலேயர் சீசாவை ஜயித்ததாக எழுதிய மாணாக்கர்களும் நம் அநுபவத்தில் உண்டு.

நீளமா, அளவா?

'வார் என்றால் பெரியது, பேட்டில் என்றால் சிறியது' என்பதே வகுப்பில் பொதுவாகக் கிடைக்கும் விளக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் இது சரிபோலத் தோன்றும். ஆனால் சரித்திரத்தை எடுத்து உரசிப் பார்த்தால் சாயம் போய்விடும்.

1896-ம் வருஷம் ஆகஸ்டு 27-ந் தேதி ஆங்கிலக் கப்பற்படை ஜான்ஸிபார் சுல்தானுடைய அரண்மனையைப் பீரங்கியால் தாக்கியது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. அதற்கு ஆங்கிலச் சரித்திரத்தில் வழங்கும் பெயர், 'ஆங்கிலோ-ஜான்ஸிபார் வார்.' 1967-ல் இஸ்ரேலுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் ஆறே நாள் நடந்ததும் 'வார்' தான். நம் பாரத யுத்தம் பதினெட்டு நாளில், குருக்ஷேத்திரம் என்ற ஒரே களத்தில் முடிந்தது. அதையும் ஆங்கிலத்தில் 'குருக்ஷேத்ரா வார்' என்றே எழுதுகிறார்கள்.

மறுபக்கம் பாருங்கள். 1916-ல் பிரான்சில் வெர்டூன் என்னும் இடத்தில் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் பிப்ரவரி முதல் டிசம்பர் வரையில் மோதிக்கொண்டார்கள். லக்ஷக்கணக்கானோர் மாண்டும் காயமுற்றும் போனார்கள். அது 'பேட்டில் ஆஃப் வெர்டூன்.' இரண்டாவது உலக மகாயுத்தத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் நடந்த கப்பற் போராட்டம் 1939 முதல் 1945 வரையில் நீடித்தது. அதுவும் 'பேட்டில்' தான்.

ஒரு மணி நேரம் 'வார்' ஆகவும், ஆறு வருஷம் 'பேட்டில்' ஆகவும் இருக்குமானால், நீளமும் அளவும் இதற்குக் காரணமல்ல என்பது வெளிப்படை. காரணம், பகுதியும் முழுமையும் என்ற உறவு. இரு தரப்பார் பகைமை பூண்டு ஆயுதம் எடுத்தது முதல் சமாதானம் ஏற்படும் வரையில் உள்ள முழு நிலைமைக்கும் 'வார்' என்று பெயர். அந்த நிலைமைக்குள்ளே படைகள் நேருக்கு நேர் மோதும் ஒவ்வொரு மோதலுக்கும் 'பேட்டில்' என்று பெயர். ஜான்ஸிபாரில் முழுமையே ஒரு மணி நேரந்தான். அட்லாண்டிக்கிலோ பகுதியே ஆறு வருஷம்.

முடிவைக் கொண்டும் இதை அறியலாம். 'பேட்டில்' வெற்றி தோல்வியில் முடியும். 'வார்' உடன்படிக்கையில் முடியும். வந்தவாசிச் சண்டை 1760 ஜனவரி 22-ந் தேதி ஒரு பகலுக்குள் முடிந்துவிட்டது. அது எந்த யுத்தத்தின் பகுதியோ அந்த யுத்தம், அதாவது ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் என்றும் இங்கே மூன்றாம் கர்நாடகப் போர் என்றும் வழங்குவது, 1763 பிப்ரவரி 10-ந் தேதி பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையோடு முடிந்தது. நடுவே மூன்று வருஷங்கள் கிடந்தன.

பெயர் சூட்டும் முறை

இந்த உறவு தெரிந்துவிட்டால், 'ஆஃப்' என்ற சிறு சொல்லின் வேலையும் விளங்கிவிடும். மோதல் ஓர் இடத்தில் நடப்பது. ஆகையால் பேட்டிலுக்கு இடத்தின் பெயரைச் சூட்டுவார்கள்: பேட்டில் ஆஃப் பிளாசி, பேட்டில் ஆஃப் வாட்டர்லூ, பேட்டில் ஆஃப் வாண்டிவாஷ். யுத்தமோ பல இடங்களில் பரவிக் கிடப்பது. ஆதலால் அதற்குக் காலத்தைக் கொண்டோ, காரணத்தைக் கொண்டோ, போரிட்ட கட்சிகளைக் கொண்டோ, ஒரு பெரிய பிரதேசத்தைக் கொண்டோ பெயர் வைப்பார்கள். ஏழாண்டுப் போர் காலத்தால் பெற்ற பெயர். ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் காரணத்தால் பெற்ற பெயர். ஆங்கிலோ-மைசூர்ப் போர் கட்சிகளால் பெற்ற பெயர். கர்நாடகப் போர் பிரதேசத்தால் பெற்ற பெயர்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல திருஷ்டாந்தம் இருக்கிறது. வந்தவாசிக்கு வடமேற்கே சுமார் 25 மைல் தூரத்தில் உள்ளது, பட்டு நெசவுக்குப் பேர் போன ஆரணி. அங்கே 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் ஒரு சண்டையில் ஜயித்தான். பிறகு 1782 ஜூன் 2-ந் தேதி அதே ஆரணியில், வந்தவாசியில் வென்ற அதே கூட், முதுமைப் பருவத்தில் ஹைதர் அலியுடன் பொருதான். ஆங்கிலப் புத்தகங்களில் இரண்டுக்கும் 'பேட்டில் ஆஃப் ஆர்னி' என்ற ஒரே பெயர். வருஷத்தைச் சொன்னால்தான் வித்தியாசம் தெரியும். ஆனால் முதலாவது இரண்டாம் கர்நாடகப் போரைச் சேர்ந்தது. இரண்டாவது இரண்டாம் மைசூர்ப் போரைச் சேர்ந்தது. ஊர் ஒன்று, பேட்டில் இரண்டு, அவை சேர்ந்த வாரும் இரண்டு. இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்த மாணாக்கர் பிறகு இந்த இரு சொற்களையும் குழப்பிக்கொள்வதில்லை.

வாக்கியத்தில் இவற்றின் நடை

இனி இலக்கணத்துக்கு வருவோம். சொற்களின் குணம், அவற்றுக்கு முன்னும் பின்னும் வரும் சிறு சொற்களில் வெளிப்படும். வீட்டாரின் குணத்தை வேலைக்காரர் மூலமாக அறிவது போன்றது இது.

'வார்' ஒரு நிலைமை என்று கண்டோம். ஆகையால் ஒரு நாடு யுத்தத்தில் ஈடுபட்டிருக்கிறது என்பதை 'அட் வார்' என்பார்கள். 'அட் பீஸ்' என்பது இதற்கு எதிர்ப்பதம். 'அட் பேட்டில்' என்ற வழக்குக் கிடையாது. யுத்தத்தைப் பிரகடனம் செய்வது 'டிக்ளேர் வார்.' பேட்டிலை யாரும் பிரகடனம் செய்வதில்லை. படைகள் கைகலக்கும்போது 'ஜாயின் பேட்டில்' என்பார்கள். இந்தத் தொடர்களில் 'எ', 'தி' என்ற அடைகள் வாராமையையும் கவனிக்க வேண்டும். 'தே வென்ட் டு எ வார்' என்று நம் மாணாக்கர் எழுதுவது இதனால்தான் தவறாகிறது.

இன்னொரு நுட்பம் உண்டு. தேசம் போருக்குப் புறப்படுவதை 'கோ டு வார்' என்பார்கள். போர்வீரன் களத்தில் புகுவதை 'கோ இன்டு பேட்டில்' என்பார்கள். 'டு' என்பது ஒரு திசையை நோக்கிச் செல்வது. 'இன்டு' என்பது உள்ளே நுழைவது. தேசத்தின் மந்திரிகள் தம் ஆசனத்தில் அமர்ந்தபடியே 'டு வார்' போகலாம். 'இன்டு பேட்டில்' போகிறவன் தன் உடம்போடு போகவேண்டும்.

தொகைச் சொற்களிலும் இந்த வேறுபாடு காணலாம். களம் ஓர் இடமாதலால் 'பேட்டில்ஃபீல்டு.' சிறைப்பட்டவன் யுத்தம் முடியும் வரையில் கைதியாக இருப்பதால் 'பிரிஸனர் ஆஃப் வார்.' வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டது பேட்டிலில். அவர் ஆனது 'பிரிஸனர் ஆஃப் வார்.' போருக்கு உரிய எந்தக் கப்பலும் 'வார்ஷிப்.' ஆனால் 'பேட்டில்ஷிப்' என்பது, கனத்த கவசமும் பெரும் பீரங்கிகளும் பூண்டு எதிரிக் கப்பலோடு நேராக மோதுவதற்கென்றே கட்டப்பட்ட ஒரு தனி ஜாதிக் கப்பல். நாம் இரண்டையும் போர்க்கப்பல் என்று சொல்லிவிடுகிறோம்.

இரண்டு சொல்லும் பெயராக மட்டுமின்றி வினையாகவும் வரும். அங்கே 'பேட்டில்' தாராளமான பேர்வழி. ஒருத்தி புற்றுநோயோடு போராடினாள் என்பதை, 'ஷி பேட்டில்டு கேன்ஸர்' என்று நேராகவும் சொல்லலாம். 'வித்', 'அகெய்ன்ஸ்ட்' என்ற சொற்களைச் சேர்த்தும் சொல்லலாம். 'வார்' வினையாக வருவது அரிது. வந்தாலும் நேரான செயப்படுபொருளை ஏற்காது; 'வித்', 'அகெய்ன்ஸ்ட்' என்ற துணை அதற்கு அவசியம் வேண்டும். இக்காலத்தில் அது பெரும்பாலும் 'வாரிங் நேஷன்ஸ்', அதாவது பொருதிக்கொண்டிருக்கும் நாடுகள், என்பது போன்ற அடைமொழியாகவே உயிர் வாழ்கிறது.

உருவகமாக வழங்கும்போதும் ஒவ்வொன்றும் தன் குணத்தை விடுவதில்லை. கோர்ட்டில் ஒரு வழக்கை எதிர்த்து நின்று நடத்துவது 'லீகல் பேட்டில்.' வியாபாரிகள் ஒருவரையொருவர் வீழ்த்துவதற்காக மாதக்கணக்கில் விலையைக் குறைத்துக்கொண்டே போவது 'பிரைஸ் வார்.' 1964-ல் அமெரிக்க ஜனாதிபதி ஜான்ஸன் தம் தேசத்து வறுமையை ஒழிக்கப் புறப்பட்டபோது அதை 'வார்' என்றே அறிவித்தார். பல முனைகளில் நெடுங்காலம் நடக்க வேண்டிய காரியம் அது என்பது அந்தச் சொல்லிலேயே அடங்கியிருந்தது. பேட்டிலில் ஜயித்து வாரில் தோற்பது என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் உண்டு. மாமியாரோடு வாதாடி வென்று, வீட்டில் நிம்மதியை இழந்த மருமகளுக்கு இதன் தாத்பரியத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

பிறந்த வீடு

இவ்விரு சொற்களும் எங்கே பிறந்தன என்று தேடிப் பார்த்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. இரண்டுமே பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குப் போனவை!

1066-ல் பிரான்சின் வடபகுதியான நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தை ஜயித்து ஆண்டார்கள். அவர்களுடைய பேச்சில் யுத்தத்துக்கு 'வெர்' என்பதுபோல ஒலித்த ஒரு சொல் இருந்தது. அதுவே ஆங்கிலத்தில் 'வார்' ஆயிற்று. பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் அதே சொல் 'கேர்' என்று ஆகி, இன்றும் வழங்குகிறது. ஸ்பெயின் தேசத்தில் அது சிறுமைப் பொருள் விகுதி பெற்று 'கெரில்லா' ஆயிற்று. சிறு யுத்தம் என்று பொருள். இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய ஜெர்மானியச் சொல்லுக்குக் குழப்பம், கலகம் என்பதே அர்த்தம்.

'பேட்டில்' என்பது 'பத்தாய்' என்று இன்று ஒலிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு மூலமான லத்தீன் வினைக்கு அடித்தல் என்று பொருள். பட்டாளம் என்று நாம் சொல்கிறோமே, அதற்கு மூலமான 'பெட்டாலியன்' என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆக, பிரெஞ்சுக்காரரை வந்தவாசியில் ஆங்கிலேயர் வென்றதைச் சொல்லவும், அந்த வெற்றி எந்த யுத்தத்தைச் சேர்ந்தது என்று சொல்லவும், ஆங்கிலேயருக்குப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து வாங்கிய சொற்களே உதவின. நிற்க. பிறவிப் பொருளைப் பார்த்தால், 'பேட்டில்' ஓர் அடி. 'வார்' ஒரு குழப்பம். அடி ஒரு நாளில் விழும். குழப்பம் எளிதில் தீராது. இதை எண்ணியபோதுதான் அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை நமக்குத் தென்படலாயிற்று.

தமிழ் என்ன செய்கிறது?

தமிழில் 'போர்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வருகிறதே, நம் பாஷையில் இந்த வேறுபாடு இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலம் பெயர்ச் சொல்லில் காட்டுவதைத் தமிழ் வினைச் சொல்லில் காட்டுகிறது. 'போர் மூண்டது', 'போர் தொடுத்தான்', 'போர் ஓய்ந்தது' என்னும்போது 'வார்' பேசப்படுகிறது. தீ மூள்வது போல அது மூளுகிறது. 'போர் புரிந்தான்', 'போரில் பொருது மாண்டான்' என்னும்போது 'பேட்டில்' பேசப்படுகிறது. ஆகவே மொழிபெயர்க்கும் மாணாக்கர் 'போர்' என்ற சொல்லை மட்டும் பார்த்து மயங்காமல், வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் வினையைப் பார்க்க வேண்டும். பெயராகவே வேண்டுமென்றால், முழுமைக்கு யுத்தம் என்றும் மோதலுக்குச் சண்டை என்றும் எழுதலாம். ஆனால் 'சண்டை' குழாயடியிலும் நடப்பதால், பாடப்புத்தகம் எழுதுவோர் அதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள் போலும்!

நம் முன்னோர் ஆங்கிலத்தைக் காட்டிலும் நுட்பமாகவே இதைப் பிரித்திருந்தார்கள். தொல்காப்பியம் புறத்திணையை ஏழாக வகுத்தது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை பன்னிரண்டாக விரித்தது. ஆநிரை கவர்தல் வெட்சி; பகைவர் நாட்டின் மேல் செல்லுதல் வஞ்சி; கோட்டையை முற்றுகையிடுதல் உழிஞை; கோட்டையை உள்ளிருந்து காத்தல் நொச்சி; வெட்டவெளியில் இரு படையும் எதிர்நின்று பொருதல் தும்பை; வெற்றி பெறுதல் வாகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ.

இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தவாசியைப் பாருங்கள். 1759 செப்டம்பரில் ஆங்கிலேயர் இந்தக் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினர். நவம்பர் இறுதியில் கூட் வந்து கோட்டையைப் பிடித்தார். 1760 ஜனவரியில் லாலி அதை மீட்க வந்து முற்றுகையிட்டார். அப்போது லாலி சூடியது உழிஞை; கோட்டைக்குள் இருந்த ஆங்கிலக் காவற்படை சூடியது நொச்சி. கோட்டையைக் காக்கக் கூட் விரைந்து வந்தார். 22-ந் தேதி இரு படையும் வெட்டவெளியில் எதிர்நின்றன, அது தும்பை. பிரெஞ்சுக்காரருடைய வெடிமருந்து வண்டி ஒன்று குண்டடிபட்டு வெடித்து அவர்களுடைய அணியைக் குலைத்தது. பிற்பகலில் வாகை கூட்டுக்குக் கிடைத்தது. ஆங்கிலச் சரித்திரத்தில் 'பேட்டில் ஆஃப் வாண்டிவாஷ்' என்ற பெயர் பெற்றது தும்பை மட்டுமே. உழிஞையும் நொச்சியும் 'வார்' என்ற பெரிய மூட்டைக்குள் போய்விட்டன.

மூட்டைக்குள் வேறு பலவும் போயின. சண்டை நடந்தது தை மாதம். சம்பா அறுத்துக் களத்தில் அடித்துப் போர் போடும் காலம் அது. நெல்லடிக்கும் இடத்துக்கும் தலை உருளும் இடத்துக்கும் களம் என்றே நாம் பெயர் வைத்திருக்கிறோம். வைக்கோற் குவியலுக்கும் போர் என்று பெயர். பழம்புலவர்கள் போர்க்களத்தை ஏர்க்களமாக உருவகித்துப் பாடியதை நாம் வகுப்பில் ரஸித்துச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்த ஊர்க் குடியானவனுக்கு அந்தத் தை மாதம் உருவகம் வேண்டியிராது.

அதற்கப்புறமும் இவ்வூருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. அடுத்த மாதமே ஆர்க்காடு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1761 ஜனவரியில் புதுச்சேரி பணிந்தது. அதன் கோட்டையும் கட்டடங்களும் தரைமட்டமாக்கப்பட்டன. தோற்றுத் திரும்பிய லாலியைத் துரோகி என்று குற்றம் சாட்டி, 1766 மே 9-ந் தேதி பாரிஸில் சிரச்சேதம் செய்தார்கள். பிறகு மைசூர்ப் போரில் 1780 முதல் 1783 வரையில் வந்தவாசிக் கோட்டை மீண்டும் முற்றுகைகளைக் கண்டது. ஃபிளின்ட் என்ற இளம் ஆங்கில அதிகாரி சிறு படையோடு அதைக் காத்து நின்றான். ஒரு பகலில் முடிந்த சண்டைக்குப் பெயர் பெற்ற இந்த ஊர், யுத்தத்தில் கிடந்தது வருஷக்கணக்கில்.

பெயர் வைக்கும் உரிமை

இத்துடன் இலக்கணம் முடிந்தது. ஆனால் விஷயம் முடியவில்லை. 'வார்' என்ற சொல்லுக்கு ஓர் அந்தஸ்து உண்டு. யுத்தம் என்றால் இரு கட்சிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் மற்றது ஒரு கட்சி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1857-ல் வடநாட்டில் எழுந்த எழுச்சிக்கு ஆங்கிலேயர் அந்த அந்தஸ்தைத் தர மறுத்து, 'மியூட்டினி' என்றார்கள். அதாவது, வேலைக்காரச் சிப்பாய்கள் எஜமானருக்குக் கீழ்ப்படியாமல் செய்த கலகம். 1806 ஜூலை 10-ந் தேதி வேலூர்க் கோட்டையில் நடந்ததற்கும் அதே பெயர்தான் சூட்டினார்கள். 1909-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் ஸாவர்க்கர், 1857-ஐ இந்திய சுதந்திர யுத்தம் என்று தலைப்பிலேயே குறித்தார். அதில் 'வார்' என்ற ஒரு சொல் செய்த வேலை பெரிது.

'கர்நாடகப் போர்' என்ற பெயரையும் இந்த நோக்கில் கவனியுங்கள். ஆங்கிலோ-மைசூர்ப் போர் என்னும்போது மைசூர் ஒரு கட்சி. கர்நாடகப் போர் என்னும்போது கர்நாடகம் வெறும் களம். நவாப் பதவிப் போட்டி அதில் உண்டு என்றாலும், பொருதவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு அந்நியக் கம்பெனியார். வந்தவாசியில் இரு படையிலும் நம் நாட்டுச் சிப்பாய்கள் இருந்தார்கள். இரு கட்சியின் பெயரிலும் அவர்கள் இல்லை.

பின்னாளில் நாமே ஒரு கட்சியாக நின்றோம். 1930-ல் ராஜாஜியின் தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் புறப்பட்ட தொண்டர்களுக்காக நாமக்கல் கவிஞர் இயற்றிய பாட்டில், ஆயுதமில்லாத அந்த யாத்திரையை யுத்தம் என்றே குறித்தார். அவர் யோசித்தே அந்தச் சொல்லைத் தேர்ந்திருப்பார் என்பது நம் அபிப்பிராயம். வேதாரண்யம் ஒரு மோதல். தண்டி ஒரு மோதல். அவை எதன் பகுதியோ அது 1947 வரையில் நடந்தது. பகுதியில் நின்றுகொண்டே முழுமையின் பெயரைச் சொன்னார் கவிஞர்.

அந்தப் பெண்ணை மறுநாள் அழைத்தோம். "நம் ஊர்ச் சண்டை சின்னது என்பதனால் அல்ல, அம்மா. 'பேட்டில்' என்பது அந்த ஒரு நாளின் பெயர். 'வார்' என்பது அந்த நாளுக்கு முன்னும் பின்னும் இருந்த வருஷங்களின் பெயர். நீ இரண்டாவதை எழுதிவிட்டு, முதலாவதுக்கு உரிய ஊர்ப் பெயரை அதனோடு ஒட்டினாய். ஒட்டியது பிழை" என்றோம். பிறகு ஆரணிக் கணக்கையும் போட்டுக் காட்டினோம்.

"அப்படியானால் நம்ம ஊரில் இரண்டும் நடந்திருக்கிறதே, ஸார்?" என்றாள்.

"நடந்தது. பரீட்சையில் ஒன்றைத்தான் கேட்பார்கள்" என்றோம்.

அவள் நம் மேஜையின்மேல் தாளை வைத்து, அடித்திருந்த வாக்கியத்துக்குக் கீழே புதிதாக ஒன்று எழுதினாள்: 'தி பேட்டில் ஆஃப் வாண்டிவாஷ் லாஸ்டெட் ஒன் டே. தி வார் டிட் நாட் எண்ட் தட் டே.' வந்தவாசிச் சண்டை ஒரு நாள் நீடித்தது. யுத்தம் அன்றைக்கு முடியவில்லை. இரண்டு சொல்லும் தத்தம் இடத்தில் நின்றன. அடைகளும் சரியாக இருந்தன.

சிவப்பு மையால் குறைத்த அரை மார்க்கை அதே மையால் திருப்பிப் போட்டோம்.